மக்காச்சோளக் கதிர் செடியிலேயே முளைத்துவிடுதல்: காரணங்களும் தடுக்கும் வழிகளும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான்கு நாள் விடாமல் பெய்த அடைமழை ஓய்ந்தபின், அறுவடைக்கு நிற்கும் மக்காச்சோளக் கொல்லைக்குச் சென்று கதிரின் மேலுறையை உரித்துப் பார்க்கும் குடியானவர் சில சமயங்களில் திடுக்கிட நேரிடுகின்றது. மணிகள் முற்றித் திரண்டுதான் இருக்கின்றன. ஆனால் கதிரின் அடிப்பக்கத்தில் வெள்ளை முளைகள் வரிசையாக நீண்டு, வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, மேலுறைக்குள்ளேயே ஒரு சிறு நாற்றங்கால் உண்டாகியிருக்கின்றது. உழுது, விதைத்து, உரமிட்டு, களையெடுத்து, நூறு நாள் காத்த பயிர், கைக்கு எட்டும் தறுவாயில் இவ்வாறு கெட்டுப்போவதைக் கண்டு விதை விற்றவரைக் குறை கூறுவோரும் உண்டு. தலைவிதி என்று விட்டுவிடுவோரும் உண்டு. இவ்விரண்டும் பெரும்பாலும் சரியல்ல. கதிர் செடியிலேயே முளைப்பதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. அவற்றை அறிந்தவர் நஷ்டத்தின் பெரும்பகுதியைத் தவிர்த்துக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், திருப்பூர், விருதுநகர், தூத்துக்குடி முதலிய ஜில்லாக்களில் மக்காச்சோளம் மானாவாரியாகவும் இறவையிலும் சாகுபடி செய்யப்படுகின்றது. விளைச்சலில் பெரும்பங்கு கோழித் தீவனத்திற்குச் செல்கின்றது. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளுக்கு மக்காச்சோளமே பிரதான தானியம். முளைத்த மணியையும் பூசணம் பூத்த மணியையும் தீவன ஆலைகள் திருப்பிவிடுகின்றன, அல்லது விலையைப் பெரிதும் குறைத்து எடுத்துக்கொள்கின்றன. ஆகையால் இவ்விஷயம் ஏக்கர் கணக்கில் மக்காச்சோளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கவனிக்கத்தக்கது.

நஷ்டத்தின் தன்மை

மணி முளைக்கத் தொடங்கியதும், அதனுள் சேமித்து வைக்கப்பட்டிருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, முளையும் வேரும் வளர்வதற்குச் செலவாகின்றது. மணியின் எடை குறைகின்றது. பின்னர் வெயில் வந்து முளை காய்ந்துபோனாலும், செலவான சத்து திரும்புவதில்லை. அத்தகைய மணி விதைக்கு உதவாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விதைச் சான்று பெறும் வீரிய ஒட்டு மக்காச்சோள விதைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு முளைப்புத் திறன் இருக்க வேண்டுமென்பது விதி. ஒருமுறை கதிரில் முளைவிட்டுக் காய்ந்த மணி மறுமுறை முளைப்பது அரிது.

இதனினும் பெரிய அபாயம் பூசணம். முளை வெளிவருகையில் மணியின் தோல் வெடிக்கின்றது. வெடித்த தோலின் வழியே பூசணங்கள் எளிதில் புகுகின்றன. அவற்றுள் சில அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குபவை. இந்நஞ்சு கோழிகளின் ஈரலைக் கெடுக்கும். கறவை மாடு தின்றால் அதன் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். எனவே கெட்ட ஒரு மூட்டையை நல்ல பத்து மூட்டைகளுடன் கலந்துவிட்டால் நஷ்டம் மறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு. பதினொரு மூட்டைகளும் கெடும்.

விதையின் உறக்கம்

காட்டில் தானாக வளரும் புல் பூண்டுகளின் விதைகள் முற்றி உதிர்ந்தவுடன் முளைப்பதில்லை. சில மாதங்கள் உறங்கிக் கிடந்து, ஏற்ற பருவம் வந்தபின்னரே முளைக்கும். இதற்கு விதை உறக்கம் என்று பெயர். மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தானியங்களைப் பயிரிட்டு வந்தபோது, விதைத்தவுடன் ஒருசேர முளைக்கும் செடிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தான். அதனால் மக்காச்சோளத்தில் இவ்வுறக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. விதைக்கும்போது இது நன்மை. அறுவடைக்காலத்தில் மழை பெய்தால் இதுவே தீமை.

நிலக்கடலை பயிரிடுவோர் இவ்வேற்றுமையை நன்கு அறிவர். கொடி ரகக் கடலை முற்றியபின் மழை பெய்தாலும் சில வாரங்கள் மண்ணுக்குள் முளைக்காமல் கிடக்கும். திண்டிவனத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட டி.எம்.வி. 2 போன்ற கொத்து ரகங்களோ உறக்கமற்றவை. பறிப்பதற்குத் தாமதித்து ஒரு மழை பெய்தால் மண்ணிலேயே முளைத்துவிடும். குறுவை நெல் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும்போது முளைப்பதும் இத்தகையதே. மக்காச்சோளம் இவ்விஷயத்தில் கொத்துக் கடலையின் இனத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம்.

மணி வளரும் காலத்தில் அது முளைக்காமல் காப்பது எது என்பது ஆராய்ச்சியால் தெளிவாகியுள்ளது. விதைக்குள் இரண்டு சுரப்புப் பொருள்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. ஒன்று ஜிப்ரலின், இது முளைப்பைத் தூண்டுவது. நெற்பயிரை அளவுக்கு மீறி நெடிதாக வளரச் செய்யும் ஒரு பூசண நோயை ஆராய்ந்த குரோசாவா என்னும் ஜப்பானிய அறிஞர், பூசணம் வெளியிடும் ஒரு பொருளே அவ்வளர்ச்சிக்குக் காரணம் என்று 1926-ல் கண்டறிந்தார். அதுவே பின்னர் ஜிப்ரலின் எனப் பெயர் பெற்றது. மற்றொன்று அப்சிசிக் அமிலம். இது முளைப்பைத் தடுப்பது. 1960-களில் இது பிரித்தறியப்பட்டது. ஏர் மாட்டுக்குத் தார்க்குச்சியும் மூக்கணாங்கயிறும் போல, ஒன்று முன்னே ஏவ, மற்றொன்று பிடித்து நிறுத்துகின்றது.

கதிர் பால் பிடித்து மாவு கட்டும் காலத்தில் மணியில் ஈரம் மிகுதியாக இருந்தும் அது முளைக்காதிருப்பதற்குக் காரணம், அப்போது அப்சிசிக் அமிலம் நிறைந்திருப்பதேயாகும். மணி முற்றி உலர உலர இவ்வமிலம் குறைகின்றது. கட்டு தளர்ந்துவிட்ட அந்நிலையில் மணிக்கு மறுபடியும் ஈரம் கிடைத்தால் அது மண்ணில் இருந்தாலென்ன, செடியில் இருந்தாலென்ன, முளைக்கத் தலைப்படுகின்றது. சுருங்கச் சொன்னால், முற்றி உலர்ந்து செடியில் நிற்கும் கதிர் விதைத்துவிட்ட விதைக்குச் சமானம். அதற்கு வேண்டியது தண்ணீர் மட்டுமே.

முளைப்புக்கு வேண்டிய மூன்று

முதலாவது முற்றிய மணி. இதன் காரணம் மேலே கூறப்பட்டது.

இரண்டாவது ஈரம். மக்காச்சோள மணி முளைக்க அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரம் வேண்டும். உலர்ந்துவரும் மணி ஒரே தூறலில் இவ்வளவு ஈரத்தை உறிஞ்சாது. மேலுறைக்குள் தண்ணீர் தேங்கி, ஓரிரு நாள் வடியாமல் நின்றால்தான் உறிஞ்சும். ஆகவே ஒரே இரவில் பெருமழை பெய்து மறுநாள் வெயிலடிப்பதைவிட, சிறு தூறலும் மேகமூட்டமுமாக நாலைந்து நாள் நீடிப்பதே அதிகக் கெடுதல் செய்யும்.

மூன்றாவது உஷ்ணம். சுமார் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழ் மக்காச்சோளம் முளைப்பதில்லை. 25 முதல் 30 டிகிரி வரையில் விரைந்து முளைக்கும். குளிர் நாடுகளில் அறுவடைக்காலத்துக் குளிரே கதிருக்கு ஒரு காவலாகின்றது. தமிழ்நாட்டுச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் விதை முளைப்பதற்குப் போதுமான உஷ்ணம் எப்போதும் உண்டு. எனவே இங்கு உஷ்ணத்தை நம்பிப் பயனில்லை. மழையையும் நிறுத்த இயலாது. குடியானவர் கையில் உள்ளது முதலாவது ஒன்றே; அதாவது, முற்றிய மணியை எத்தனை நாள் செடியில் விட்டு வைப்பது என்பதே.

துணைக் காரணங்கள்

ஒரே மழையில் நனைந்த இரண்டு கொல்லைகளுள் ஒன்றில் மிகுதியாகவும் மற்றொன்றில் குறைவாகவும் முளைப்பது ஏன் எனில், கீழ்க்கண்ட துணைக் காரணங்களே.

கதிரின் நிலை: முற்றியபின் தலை கவிழ்ந்து தொங்கும் கதிரில் மழைநீர் மேலுறையின் மீது வழிந்து கீழே விழுந்துவிடும். நிமிர்ந்தே நிற்கும் கதிரில் நுனி வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி அடியில் தேங்கும். கதிரின் அடிமணிகள் முதலில் முளைப்பதற்கு இதுவே காரணம். மேலுறை நுனிவரை நெருக்கமாக மூடிய ரகங்கள் மழைக்குத் தாங்கும். நுனி திறந்து மணி வெளியே தெரியும் ரகங்கள் தாங்கமாட்டா. விதை வாங்கும்போது விளைச்சலை மட்டும் விசாரியாமல், கதிர் கவியுமா, மேலுறை நுனியை மூடுமா என்பதையும் விசாரித்தல் நலம்.

புழுவும் பறவையும்: அமெரிக்கப் படைப்புழு 2018-ஆம் வருஷத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கியது. இப்புழு குருத்தை மட்டுமின்றிக் கதிரையும் துளைக்கும். புழு துளைத்த வழியும், கிளியும் காக்கையும் கிழித்த மேலுறையும் தண்ணீருக்கு வாசலாகின்றன. கடிபட்ட மணி ஈரத்தை எளிதில் உறிஞ்சுகின்றது.

கதிரழுகல் நோய்: சில பூசணங்கள் கதிரின் அடியிலிருந்து வெண்மையாகப் படர்ந்து மணிகளை அழுகச் செய்கின்றன. டிப்ளோடியா என்னும் பூசணம் பற்றிய கதிர்களில் மணிகள் முளைத்திருப்பதும் சேர்ந்து காணப்படுவதாக அமெரிக்க வயல்களில் அறியப்பட்டுள்ளது.

செடி சாய்தல்: நெருக்கி விதைப்பதாலும், தழைச்சத்தை அளவுக்கு மீறி இடுவதாலும் தட்டை மெலிந்து உயரமாக வளர்ந்து காற்றில் சாய்கின்றது. தரையில் படிந்த கதிர் மண்ணின் ஈரத்தில் முளைக்கும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும் விடுவதும், இறவைப் பயிருக்குத் தழைச்சத்தை விதைக்கும்போது கால் பங்கு, 25-ஆம் நாள் அரைப் பங்கு, 45-ஆம் நாள் கால் பங்கு என்று பிரித்து இடுவதும் தட்டைக்கு உறுதி அளிக்கும்.

மாலிப்டினம் என்னும் நுண்சத்து: ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் மண்ணில் இச்சத்துக் குறைவான இடங்களில் மக்காச்சோளம் கதிரிலேயே முளைப்பது 1970-களில் ஆராயப்பட்டது. செடி அப்சிசிக் அமிலத்தை உண்டாக்குவதற்கு இச்சத்து வேண்டியிருப்பதே காரணம். ஆனால் இக்குறை பெரும்பாலும் புளிப்பு மண்ணில் ஏற்படுவது. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாகப் பயிராகும் கரிசல் நிலங்கள் களர்த்தன்மையின் பக்கம் சாய்ந்தவை. அவற்றில் இக்குறை எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆகையால் மண் பரிசோதனை செய்யாமல் இதற்கென்று பணம் செலவிட வேண்டுவதில்லை.

குற்றம் விதையினுடையதா, மழையினுடையதா?

கதிர் முளைத்தவுடன் விதையின் மேல் புகார் எழுவது வழக்கம். விதையினாலும் இது நேரக்கூடும் என்பது உண்மையே. பரம்பரைக் குணத்தினால் மழையின்றியே கதிரில் முளைக்கும் மக்காச்சோள வமிசங்கள் உண்டு. அமெரிக்க அறிஞர் மாங்கெல்ஸ்டார்ஃப் இக்குணம் தலைமுறை தலைமுறையாக வரும் விதத்தை ஆராய்ந்து 1930-ல் வெளியிட்டார். ஆனால் விற்பனைக்கு வரும் வீரிய ஒட்டு விதைகளில் இது மிக அரிது. எது காரணம் என்பதைக் கதிரைப் பார்த்தே பெரும்பாலும் தீர்மானிக்கலாம்.

முளைத்த மணிகள் கதிரின் அடியிலோ, புழு தின்ற இடத்திலோ, திறந்த நுனியிலோ கூட்டமாக இருந்து, மழைக்குப் பின்னரே முளைத்தனவாயின், காரணம் மழையே. முளைத்த மணிகள் கதிர் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஏறத்தாழ நாலில் ஒன்று என்ற கணக்கில் சிதறியிருந்து, மணி முற்றுமுன்னரே வறண்ட காலத்திலும் முளைத்தனவாயின், காரணம் பரம்பரைக் குணமாக இருக்கலாம். இவ்வகை சிலவற்றில் மணியின் மஞ்சள் நிறம் வெளுத்தும், முளைக்கும் நாற்று பச்சையின்றி வெள்ளையாகவும் இருக்கும். மஞ்சள் நிறப்பொருளிலிருந்தே அப்சிசிக் அமிலம் உண்டாவதால், ஒன்று குறைந்தால் மற்றொன்றும் குறைகின்றது. முளைத்த மணிகளைச் சுற்றிப் பூசணம் படர்ந்து, நடுச்சக்கையும் நிறம் மாறி எடை குறைந்திருந்தால் நோயும் சேர்ந்திருக்கின்றது என்று அறியலாம்.

விதை விற்றவர்மீது புகார் செய்யுமுன் இவ்வாறு பத்துக் கதிர்களையாவது உரித்துப் பார்ப்பது இரு தரப்பாருக்கும் நியாயமாகும்.

அறுவடைக்கு ஏற்ற நாள்

செடி முழுவதும் காய்ந்து, தோகை சருகாகி, மணி கையில் உதிரும்வரை காத்திருந்து அறுப்பதே பலருடைய வழக்கம். செடியிலேயே உலர்ந்துவிட்டால் களத்தில் காயவைக்கும் கூலி மிச்சம் என்பது அவர்களுடைய எண்ணம். வறண்ட தை, மாசியில் இவ்வழக்கத்தால் பெரிய தீங்கில்லை. மழைக்காலத்தில் இதுவே நஷ்டத்தின் மூலகாரணம்.

மணி முற்றிய நாளும் மணி உலர்ந்த நாளும் வெவ்வேறு. மணி முற்றியதற்கு ஓர் அடையாளம் உண்டு. கதிரை நடுவில் ஒடித்து, நடுப்பகுதியிலிருந்து மணியைப் பிரித்து, அது சக்கையோடு ஒட்டியிருந்த கூரிய நுனியை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். அங்கே கரிய படலம் ஒன்று தென்பட்டால் செடியிலிருந்து மணிக்குச் சத்து செல்லும் வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். அதன்பின் கதிர் எத்தனை நாள் செடியில் நின்றாலும் மணிக்கு ஓர் அணுவளவு சத்தும் ஏறாது. கொல்லையின் பல இடங்களிலிருந்து எடுத்த பத்துக் கதிர்களுள் ஏழெட்டில் இப்படலம் காணப்பட்டால் பயிர் முற்றியதாகக் கொள்ளலாம். அந்நாளில் கதிரின் மேலுறை வெளுத்திருக்கும். தோகைகளில் சில இன்னும் பச்சையாகவே இருக்கக்கூடும்.

கரும்படலம் தோன்றும் நாளில் மணியின் ஈரம் ஏறக்குறைய 30 முதல் 35 சதவிகிதம். விற்பனைக்கு வேண்டிய ஈரம் 14 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது. வெயிலும் காற்றும் நன்றாயிருந்தால் செடியில் நிற்கும் கதிர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதவிகிதம் உலரும். மேகமூட்டத்தில் அதுவும் இல்லை. ஆகவே இரண்டு, மூன்று வாரங்கள் கதிர் வெறுமனே நிற்கின்றது. இந்த இடைக்காலமே அபாய காலம்.

ஈரத்தோடு அறுத்தால் எடை குறையும் என்று சிலர் அஞ்சுகின்றனர். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ மணியில் உலர்ந்த பொருள் 70 கிலோ, தண்ணீர் 30 கிலோ. இதை 14 சதவிகிதத்திற்கு உலர்த்தினால் சுமார் 81 கிலோ 400 கிராம் நிற்கும். அதே மணியைச் செடியிலேயே உலரவிட்டு அறுத்தாலும் அதே 81 கிலோ 400 கிராம்தான் கிடைக்கும். குறைந்தது தண்ணீரேயன்றித் தானியம் அன்று. மாறாக, செடியில் நிற்கையில் முளைத்தும், சாய்ந்தும், பறவை தின்றும் போவது தானியமாகும்.

அடுத்தடுத்த கொல்லைகளில் ஒரே நாளில் ஒரே ரகம் விதைத்த இரு குடியானவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி முதல் வாரத்தில் இருவர் கதிரிலும் கரும்படலம் தோன்றிவிட்டது. ஒருவர் வானிலை அறிக்கையில் மழைக் குறி கண்டு, கதிரை ஒடித்துக் கொட்டகையில் பரப்பிவிடுகின்றார். அவருக்கு ஆட்கூலியும், புரட்டிவிடும் வேலையும், பத்துப் பதினைந்து நாள் கவலையும் உண்டு. மற்றவர் கூலியை மிச்சப்படுத்த எண்ணி விட்டுவைக்கின்றார். மழை பெய்யாவிடில் இரண்டாமவருக்குக் கூலி லாபம். பெய்துவிட்டால் விளைச்சலில் பெரும்பகுதி நஷ்டம். முன்னவர் செலவிடுவது ஒரு சிறு தொகை. பின்னவர் பணயம் வைப்பது ஒரு போகம். எது விவேகம் என்பதை ஒவ்வொருவரும் தம் நிலைமைக்கேற்பத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

வானிலை ஆய்வுத் துறையார் விவசாயிகளுக்கென்று வாரம் இருமுறை அறிக்கை வெளியிடுகின்றனர். பயிர் முற்றும் தறுவாயில் அதைத் தவறாமல் கவனித்தல் வேண்டும்.

அறுக்க இயலாவிடின்

ஆள் கிடைக்காமலோ, உலர்த்த இடமில்லாமலோ உடனே அறுக்க முடியாத சிறு கொல்லைக்காரர்கள் வேறொரு முறையைக் கையாளலாம். மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்க நாடுகளிலும் மணி முற்றியவுடன், கதிருக்குச் சற்றுக் கீழே தட்டையை ஒடித்து மடக்கிவிடுவது நெடுநாளைய வழக்கம். கதிரின் நுனி கீழ்நோக்கித் தொங்குவதால் மழைநீர் உட்புகாது வழிந்துவிடுகின்றது. பறவைகளின் தொல்லையும் குறைகின்றது. கரும்படலம் தோன்றிய பின்னரே இதைச் செய்யலாம்; முன்னர்ச் செய்தால் மணி சூம்பிவிடும்.

சாய்ந்த நெற்பயிரில் முளைப்பதைத் தடுக்க, லிட்டருக்கு 50 கிராம் வீதம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளிப்பதுண்டு. மக்காச்சோளத்தில் மேலுறை மணியை மூடியிருப்பதால் தெளிக்கும் நீர் மணியைச் சென்று சேர்வதில்லை. நிற்கும் பயிருக்கு இம்முறையை நம்பி இருக்கலாகாது.

உலர்த்தும் முறை

ஈரக் கதிரைக் குவியலாகப் போடுதல் செடியில் விடுவதிலும் கேடானது. குவியலின் நடுவில் சூடேறிப் பூசணம் பிடிக்கும், மணியும் முளைக்கும். ஒடித்தவுடன் மேலுறையை உரித்து, கதிர்களைக் கொட்டகையிலோ தாழ்வாரத்திலோ மெல்லியதாகப் பரப்பி, காற்றோட்டம் படச் செய்தல் வேண்டும். முளைத்தவற்றையும் பூசணம் கண்டவற்றையும் அப்போதே பொறுக்கி ஒதுக்கிவிட வேண்டும்.

அதிகமாகச் சாகுபடி செய்வோர் மூங்கிலாலும் சவுக்குக் கழிகளாலும் ஓர் உலர்த்தும் பட்டி அமைத்துக்கொள்ளலாம். தரைக்கு மேல் முழங்கால் உயரத்திற்குக் குறையாமல் தளம் போட்டு, இரு பக்கமும் காற்றுப் புகும்படி சட்டம் அடித்து, மேலே கூரை வேய்ந்தால் போதும். மழை மிகுந்த இடத்தில் பட்டியின் அகலம் 60 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது; நீளம் எவ்வளவும் இருக்கலாம். நீண்ட பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அகலம் கூடினால் நடுக்கதிர்கள் உலரமாட்டா. கால்களில் தகரம் சுற்றினால் எலி ஏறாது.

கதிரடிக்கும் இயந்திரத்தில் ஈரக் கதிரைப் போட்டால் மணி உடையும். ஈரம் 18 சதவிகிதத்திற்குக் கீழ் இறங்கியபின் அடித்து, களத்தில் இரண்டு அங்குல உயரத்திற்கு மேற்படாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு உலர்த்த வேண்டும். மண் களமாயின் தார்ப்பாய் விரித்தல் அவசியம். மாலையில் குவித்து மூட வேண்டும். இல்லாவிடில் பகலில் உலர்ந்தது இரவுப் பனியில் ஈரமாகும். நெடுநாள் சேமிப்பதற்கு ஈரம் 12 சதவிகிதமாகக் குறைய வேண்டும்.

ஈரம் காணும் கருவி இல்லாதவர் இவ்வாறு பரீட்சிக்கலாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட்டு, வறுத்து ஆறிய உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்திருக்க வேண்டும். உப்பு புட்டியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவிகிதத்திற்கு மேல் உண்டு. ஒட்டாமல் அடியில் விழுந்தால் மணி ஓரளவு உலர்ந்தது.

விதைக்கும் காலத்திலேயே யோசிக்க வேண்டியது

அறுவடைக்கால மழையைப் பற்றிய யோசனை விதைப்பு நாளன்றே தொடங்க வேண்டும். 105 நாள் ரகம் ஒன்றை ஆனி முதல் தேதி விதைத்தால் புரட்டாசி நடுவில் முற்றும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அறுத்துவிடலாம். ஆனிக் கடைசியில் விதைத்தால் ஐப்பசி 10-ஆம் தேதி வாக்கிலும், ஆடிப் பதினெட்டில் விதைத்தால் கார்த்திகைப் பிறப்பிலும் முற்றும். இவ்விரண்டும் மழை மும்முரமான நாள்கள். புரட்டாசி நடுவில் விதைத்த மானாவாரிப் பயிரோ பருவமழையில் வளர்ந்து தைப்பொங்கல் வாக்கில் முற்றுகின்றது. அப்போது மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். இறவை வசதியுள்ளோர் ஆனிக் கடைசியிலும் ஆடியிலும் விதைக்க நேர்ந்தால், உலர்த்தக் கொட்டகையும் ஆளும் உண்டா என்பதை முன்னதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும்.

முளைத்துப்போன கதிரை என்ன செய்வது?

மழை விட்டவுடன் கொல்லையில் முளைத்த பகுதியை முதலில் அறுக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் பூசணம் பெருகும். கதிரின் அடிமணிகள் மட்டும் முளைத்திருந்தால், அப்பகுதியை ஒடித்து நீக்கி மீதியைக் காப்பாற்றலாம். முளைத்த மணியைத் தனியே உலர்த்தி, பூசணமோ துர்நாற்றமோ இல்லாதிருந்தால் உழவு மாடுகளுக்குச் சிறிது சிறிதாக, வேறு தீவனத்தோடு கலந்து உடனே செலவழித்துவிடலாம், சேமித்து வைக்கலாகாது. பூசணம் பூத்ததைக் கறவை மாட்டுக்கோ கோழிக்கோ கொடுக்கலாகாது. அது எருக்குழிக்கே உரியது. எக்காரணத்தாலும் அக்கொல்லையின் மணியை அடுத்த போகத்திற்கு விதையாக வைக்கலாகாது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

இத்தகைய சேதத்தைப் பார்வையிடும் கிராம நிர்வாக அலுவலரும் உதவி விவசாய அலுவலரும், சாலையோரத்தில் நின்று பயிரைப் பார்த்து முடிவுக்கு வரலாகாது. வெளியே நின்று பார்ப்பவருக்கு முளைத்த கொல்லையும் நல்ல கொல்லையும் ஒன்றுபோலவே தோன்றும். மேலுறையை உரித்தால்தான் சேதம் தெரியும். கொல்லையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் கதிர்களை உரித்து, முளைத்தவை இத்தனை, முளைக்காதவை இத்தனை, மழை பெய்த தேதிகள் இவை என்று குறித்துக்கொள்வது குடியானவருக்கும் சர்க்காருக்கும் நியாயமான முறையாகும்.

2016-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளில், அறுத்து வயலில் உலரப் பரப்பிய விளைபொருள் அறுவடை நாளிலிருந்து 14 நாளுக்குள் புயல் மழையாலோ பருவந்தவறிய மழையாலோ கெட்டால் இழப்பீடு கோர இடமுண்டு. சேதம் நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் அறிவித்தல் அவசியம். அறுக்காமல் நிற்கும் பயிரின் விளைச்சற்குறைவு பெரும்பாலும் வட்டாரத்தின் சராசரியைக் கொண்டே கணக்கிடப்படுகின்றது. எனவே முற்றிய கதிரை அறுத்துவைப்பவர் காப்பீட்டு விஷயத்திலும் பின்தங்குவதில்லை. தத்தம் ஊரில் பயிர் அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதையும், பிரீமியம் செலுத்தக் கடைசித் தேதியையும் கிராம அலுவலர்கள் விதைப்புக் காலத்திலேயே தண்டோராவோ ஒலிபெருக்கியோ மூலம் தெரியப்படுத்தினால் பலர் பயனடைவர்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் உலர்களங்களும் கிடங்குகளும் உள்ளன. மழைக்கு முன் அவற்றை எவ்வெவ்வூரார் எந்நாளில் உபயோகிப்பது என்று முறை வகுத்துக்கொள்வதும், கதிரடிக்கும் இயந்திரத்தை ஊருக்குப் பொதுவாக முன்பதிவு செய்வதும் தனியொருவரால் ஆகாதவை; ஊர் கூடினால் எளிதில் ஆகக்கூடியவை.

முடிவுரை

மக்காச்சோளம் முற்றியபின் உறங்காத தானியம். ஈரமும் உஷ்ணமும் கிடைத்த இடத்தில் அது முளைக்கும், இடம் பார்ப்பதில்லை. மழையை நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும் கரும்படலம் கண்ட நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையிலுள்ள இரண்டு மூன்று வாரங்களைக் குறைப்பது குடியானவரால் இயலும். மழைக்காலத்தில் முற்றும் பயிரை வைத்திருப்போர், தோகை காயும்வரை காத்திராமல், மணியின் நுனியைக் கீறிப் பார்த்து அறுவடை நாளைத் தீர்மானிக்கும் வழக்கத்தை மேற்கொள்வாராக. அதற்குச் செலவு ஒரு கதிரும் ஒரு நிமிஷமுமேயாகும்.